சுழல் செய்யும் தொண்டு

‘சுழல்’ என்ற சொல்லைக் கேட்டதுமே நம் உள்ளத்தில் ஓர் அச்சம் எழுகின்றது. கடன்பட்டவரைக் ‘கடன் சுழலில் சிக்கினார்’ என்கின்றோம். தீய நட்பில் வீழ்ந்தவரையும் அவ்வாறே கூறுகின்றோம். ஏரி நிரம்பியிருக்கும் மாதங்களில் எங்கள் ஒரகடம் பகுதித் தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் எச்சரிக்கை, ‘மதகுப் பக்கம் போகாதே, சுழல் இழுத்துவிடும்’ என்பதுதான். அந்த எச்சரிக்கை முற்றிலும் சரியானது. மதகு திறந்திருக்கும்போது, தொலைவில் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும் நீர், வாயை நெருங்க நெருங்க வேகம் கொள்கின்றது. நன்கு நீந்தத் தெரிந்தவரையும் அது விடுவதில்லை. ஆகவே மாணவியரே, மதகைக் குறித்து உங்கள் தாய் சொல்வதை மறவாதீர்கள்.

ஆயினும் இன்று நான் சுழலுக்காகப் பரிந்து பேச விரும்புகின்றேன். மேல்நிலை வகுப்பில் இயற்பியல் கற்பிப்பவள் என்ற முறையில் மட்டுமன்று. ஒரகடத்தில் குடியிருப்பவள், மூச்சிழுப்பு உள்ள ஒரு தாயின் மகள் என்ற முறையிலும் பேசுகின்றேன். சுழல் நமக்குச் செய்யும் தொண்டு, அது நின்றுபோகும் ஒரு காலைப்பொழுதில்தான் விளங்கும். அத்தகைய காலை ஆண்டுதோறும் நம் ஊருக்கு வருகின்றது. அதற்குப் போகிப் பண்டிகை என்று பெயர்.

முதலில் சமையலறைக்கு வாருங்கள். ஒரு டம்ளர் காப்பியில் சர்க்கரையைப் போட்டுக் கலக்காமல் வைத்துவிட்டால் என்ன ஆகும்? அடியில் பாகு போல் இனிப்பும் மேலே கசப்புமாக நெடுநேரம் கிடக்கும். சர்க்கரையின் மூலக்கூறுகள் தாமாகவே நகர்ந்து மேலே பரவுவதற்குள் காப்பி ஆறிப்போய்விடும். கரண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும், நொடிப்பொழுதில் எல்லாம் ஒன்றாகிவிடுகின்றது. கரண்டி செய்தது என்ன? ஒரு பெரிய சுழலை உண்டாக்கியது. அந்தப் பெரிய சுழல் சிறு சுழல்களாக உடைந்தது. அவை இன்னும் சிறியனவாக உடைந்தன. பெரிய நோட்டு ஒன்று கைமாறிக் கைமாறிச் சில்லறையாவது போல, கரண்டியின் வேகம் சிறுசிறு சுழல்களாகப் பங்கிடப்பட்டு, இறுதியில் பாகுநிலையின் உராய்வால் மிகச் சிறிய வெப்பமாக மாறி மறைகின்றது. மறைவதற்கு முன் கலக்கும் வேலையை முடித்துவிட்டுப் போகின்றது.

மேல்நிலை முதலாண்டு மாணவியருக்கு வரிச்சீர் ஓட்டம், சுழற்சி ஓட்டம் என்னும் இரண்டும் நன்கு தெரியும். 1883-ஆம் ஆண்டில் ஆஸ்போர்ன் ரெனால்டு என்னும் பொறியியல் பேராசிரியர், மான்செஸ்டர் நகரில், நீர் ஓடும் நீண்ட கண்ணாடிக் குழாயினுள் மெல்லிய சாயக் கோடு ஒன்றைச் செலுத்திப் பார்த்தார். நீர் மெதுவாக ஓடியபோது சாயம் நூல் பிடித்தாற்போல் நேராகச் சென்றது. வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் அந்த நூல் நெளிந்து, சுருண்டு, குழாய் முழுவதும் பரவிவிட்டது. ‘ரெனால்டு எண் ஏறத்தாழ 2000-ஐத் தாண்டினால் சுழற்சி ஓட்டம்’ என்று நீங்கள் மனப்பாடம் செய்வதெல்லாம் அந்தக் குழாயிலிருந்து வந்ததுதான்.

இதைக் காண மான்செஸ்டருக்குப் போக வேண்டியதில்லை. காற்றில்லாத அறையில் ஓர் ஊதுவத்தியை ஏற்றி வையுங்கள். அல்லது நம் சிற்றாலயத்தில் தூபம் காட்டும்போது சற்றே கூர்ந்து கவனியுங்கள். புகை முதலில் ஒரு கோடாக எழும். ஒரு சாண் உயரம் போனதும் தயங்கும், நெளியும், பின்பு சுருள் சுருளாகப் பிரிந்து கரையும். கோடாக எழும் பகுதி கண்ணுக்கு அழகாக இருக்கலாம். ஆனால் அந்தக் கோட்டில் புகை புகையாகவேதான் இருக்கின்றது. சுருண்ட பிறகுதான் அது அறையின் காற்றோடு கலந்து இல்லாததுபோல் ஆகின்றது.

இதுவரை சொன்னது எளிது. இனிச் சொல்லப்போவதுதான் இக்கட்டுரையின் உயிர்நாடி. எல்லா நீரும், எல்லாக் காற்றும் சுழலுக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. கீழே கனமான பாய்மமும் மேலே இலேசான பாய்மமுமாக அடுக்கடுக்காக அமைந்துவிட்டால், சுழல் அங்கே திணறிப்போய்விடும்.

இதற்கும் ஒரு சோதனை உண்டு. விடுமுறையில் வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதியளவு தண்ணீர் எடுத்து, நான்கு கரண்டி உப்பைக் கரைத்து, சில சொட்டு நீல மையை விடுங்கள். அதன்மேல் ஒரு சிறு காகிதத் துண்டை மிதக்கவிட்டு, அந்தக் காகிதத்தின்மீது சாதாரணத் தண்ணீரை மிக மெதுவாக ஊற்றுங்கள். கீழே நீலம், மேலே தெளிவு, இடையில் ஒரு கோடு. இப்போது ஓர் ஈர்க்குச்சியால் மேல் நீரை மட்டும் மெல்லக் கலக்குங்கள். மேலே நீர் சுற்றும். கீழே நீலம் அசையாது. சற்று அழுத்திக் கலக்கினால் இடைக்கோடு மட்டும், தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப் போல், மிக மெதுவாகச் சாய்ந்து சாய்ந்து ஆடும். பிறகு மறுபடியும் பழைய நிலைக்கே வந்து நிற்கும். உப்பில்லாமல் இதே சோதனையைச் செய்தால், நான்கு சுற்றில் டம்ளர் முழுவதும் நீலமாகிவிடும்.

காரணம் மிக எளியது. கனமான நீரை மேலே தூக்க வேலை செய்ய வேண்டும். சுழல் அதைச் சற்றுத் தூக்குகின்றது. புவியீர்ப்பு அதைக் கீழே இழுத்துவிடுகின்றது. சுழலின் ஆற்றல் இந்தத் தூக்கும் வேலையிலேயே தீர்ந்துபோகின்றது. உயரவாட்டில் புரள முடியாத சுழல், தோசைக்கல்லில் ஊற்றிய மாவைப் போலத் தட்டையாகப் பரவுகின்றது. பக்கவாட்டில் அது நெடுநேரம் சுற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் கீழ் அடுக்கை மேல் அடுக்கோடு அதனால் கலக்க முடிவதில்லை.

அப்படியானால் அடுக்கு எப்போது உடையும்? இந்தப் போட்டியை ஓர் எண்ணால் அளக்க வழி காட்டியவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி. அடுக்கின் பிடிவாதம் ஒரு தட்டிலும், மேல் காற்றுக்கும் கீழ்க் காற்றுக்கும் உள்ள வேக வேறுபாடு மறு தட்டிலுமாக நிறுத்துப் பார்க்கும் தராசு போன்றது அவர் பெயரைத் தாங்கிய ரிச்சர்ட்சன் எண். அந்த எண் எங்கும் கால் என்னும் அளவுக்கு மேல் இருந்தால் அடுக்குகள் குலையாமல் நிற்கும் என்று 1961-ல் மைல்ஸ், ஹோவர்டு ஆகிய இருவர் கணிதத்தால் நிறுவினார்கள். கால் என்ற அளவுக்குக் கீழே வந்தால்தான் அடுக்குகள் அலையாக மடிந்து சுழலாகப் புரள வாய்ப்பு உண்டு. சில நாட்களில் மேகத்தின் மேல் விளிம்பு, கடல் அலைகள் வரிசையாக மடிவது போலத் தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். அங்கே அந்தத் தராசு சாய்ந்துவிட்டது என்று பொருள்.

ரிச்சர்ட்சனைப் பற்றி மாணவியர் அறிய வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. முதல் உலகப்போரில் துப்பாக்கி ஏந்த மறுத்த அவர், பிரான்ஸ் நாட்டுப் போர்முனையில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்லும் வண்டி ஓட்டினார். அவர் பணியாற்றிய வானிலை நிலையம் விமானப்படை அமைச்சகத்தின்கீழ் வந்தபோது, 1920-ல், மனச்சான்றின்படி அவ்வேலையை விட்டு விலகினார். காற்று எப்படிக் கலக்கின்றது என்று ஆராய்ந்தவர், அந்த அறிவு எங்கே போய்ச் சேர்கின்றது என்பதையும் எண்ணிப் பார்த்தார்.

இனி நம் ஊருக்கு வருவோம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் குறுக்கிடும் இடம் ஒரகடம். ஒரு காலத்தில் ஏரியும் வயலும் பனைமரமுமாக இருந்த இடம். 2010-ல் ரெனோ–நிசான் கார் தொழிற்சாலையும், 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013-ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் இங்கே உற்பத்தியைத் தொடங்கின. இந்த மலரைப் படிக்கும் பெற்றோரில் பலர் இத்தகைய தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலைக்குச் செல்பவர்கள். அதிகாலைக் கம்பெனிப் பேருந்துக்குக் காத்து நிற்பவர்கள். ஆகவே காலைக் காற்றை அவர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள்.

சித்திரை, வைகாசி மாத நண்பகலில் ஒரகடத்தைப் பாருங்கள். மரம் வெட்டிச் சமன்செய்யப்பட்ட மனைகள் கொதிக்கின்றன. தரையை ஒட்டிய காற்று சூடாகி இலேசாகி மேலே எழுகின்றது. திடீரென்று ஒரு மூலையில் புழுதி எழுந்து, கம்பம் போல் நின்று, காகிதங்களையும் சருகுகளையும் சுற்றிக்கொண்டு நகர்கின்றது. பெரியவர்கள் அதைப் பேய்க்காற்று என்பார்கள். கண்டெய்னர் லாரி ஒன்று வேகமாகக் கடந்தால் அதன் தட்டையான பின்புறத்தில் புழுதி சுருண்டு சுருண்டு துரத்துகின்றது. எங்கும் சுழல்தான். கண்ணில் தூசி விழுகின்றது, உலர்த்திய துணி அழுக்காகின்றது, நாமும் முணுமுணுக்கின்றோம். ஆனால் அந்த வேளையில்தான் நம்மைச் சுற்றியுள்ள புகையும் தூசியும் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கும் மேலே தூக்கிச் செல்லப்பட்டுப் பரவலாகின்றன.

தை மாதப் பிறப்பை ஒட்டிய இரவு இதற்கு நேர்மாறானது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். இரவு நீளமானது, காற்று அடங்கியிருக்கும். பகலில் பெற்ற வெப்பத்தைத் தரை வானத்துக்கு இழந்து குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகும். அதன்மேல் சற்று வெதுவெதுப்பான காற்று மூடியைப் போல் அமரும். புவியியல் பாடத்தில் ‘வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம்’ என்று படிக்கிறீர்களே, அது இதுதான். உங்கள் டம்ளரில் நீல உப்புநீர் அடியில் படுத்திருந்ததே, அதைப் போல நம் தெருவும் பள்ளியும் பேருந்து நிறுத்தமும் ஒரு கனத்த காற்றடுக்கின் அடியில் கிடக்கின்றன. அந்நேரம் ஏரிக்கரையில் நின்று பார்த்தால், குடிசை ஒன்றிலிருந்து எழும் அடுப்புப் புகை பனைமர உயரம் போய், மேலே போகாமல், கோடு கிழித்தாற்போல் கிடைமட்டமாகப் படர்ந்திருப்பதைக் காணலாம்.

இங்கே ஓர் அழகிய வேறுபாட்டைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதே குளிர்ந்த இரவில் ஏரி நீர் கலங்குகின்றது! ஏரி தன் மேற்பரப்பின் வழியாகக் குளிர்கின்றது. மேலே குளிர்ந்த நீர் கனமாகி அடியில் இறங்க, அடிநீர் மேலே வருகின்றது. காற்றோ அடியிலிருந்து குளிர்கின்றது. குளிர்ந்தது அடியிலேயே தங்கிவிடுகின்றது. ஆகவே இரவில் ஏரி கலக்கும், காற்று அடுக்காகும். பகலில் காற்று கலக்கும், ஏரி அடுக்காகும். ஒரே ஊரில், ஒரே இயற்கை விதி, எதிரெதிராக வேலை செய்வதைப் பாருங்கள்.

அத்தகைய ஓர் அடுக்கினுள்தான் நாம் போகியன்று தீ மூட்டுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். போகியன்று அதிகாலை நான்கு மணிக்கே தெருவில் மேளச் சத்தம் கேட்டது. பழைய பாய், கிழிந்த துணி, உடைந்த முறம் ஆகியவற்றோடு பிளாஸ்டிக் வாளிகளும், மோட்டார் சைக்கிள் டயர்களும் தீயில் விழுந்தன. வாகனத் தொழில் நடக்கும் ஊரில் தேய்ந்த டயருக்குப் பஞ்சமில்லை. ஐந்து மணிக்கெல்லாம் எதிர்வீட்டு விளக்கு தெரியவில்லை. எங்கள் அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. சன்னல்களை மூடி, ஈரத் துணியைக் கதவிடுக்கில் வைத்து, இன்ஹேலரைக் கொடுத்தேன். இரண்டு முறை கொடுத்தும் குறையவில்லை. கட்டிலில் முன்புறம் சாய்ந்து உட்கார்ந்து, தோள்களை உயர்த்தி உயர்த்தி மூச்சு வாங்கினார்கள்.

“இந்தப் புகை எப்பம்மா போகும்?” என்று கேட்டார்கள்.

“வெயில் ஏறினால் போயிடும்மா.”

“வெயில் எப்ப ஏறும்?”

எத்தனையோ வகுப்புகளில் வெப்பச் சலனத்தைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு அன்று கடிகாரத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடிந்தது. சூரியன் உதிக்க ஆறரை மணி ஆகும். உதித்த பிறகும் தரை சூடேற வேண்டும்; தரையை ஒட்டிய காற்று சூடேற வேண்டும்; அது எழுந்து அந்த மூடியைச் சிறிது சிறிதாகக் கரைக்க வேண்டும். ஒரு நெஞ்சு அதுவரை தாங்க வேண்டுமே!

தெரிந்த ஆட்டோக்கார அண்ணன் ஒருவர் வந்தார். விளக்கைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒருவர் நடந்து வழி சொல்ல, நடை வேகத்திலேயே மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார். நெபுலைசர் வைத்த பின்பு மூச்சு சற்றே சீரானது. எட்டரை மணியளவில் மருத்துவமனை வாசலில் நின்றிருந்தேன். அங்கிருந்த முருங்கை மரத்தின் இலைகள் அசைந்தன. சுவர் போல் நின்ற புகையில் ஓரிடம் நெளிந்தது, சுருண்டது, பின்பு வேறோர் இடம். அரைமணி நேரத்தில் சாலையின் மறுபக்கம் தெரிந்தது. அந்த முதல் சுருளைக் கண்டபோது என் கண்கள் கலங்கின. ரெனால்டின் கண்ணாடிக் குழாயை எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன்! அது ஓர் உயிரின் மூச்சோடு சம்பந்தப்பட்டது என்பதை அன்றுதான் என் உடம்பு உணர்ந்தது.

இது ஒரு வீட்டின் துன்பம் மட்டுமன்று. 2018-ஆம் ஆண்டு ஜனவரி 13 அன்று போகிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாயின. சில வேறு நகரங்களுக்குத் திருப்பி விடப்பட்டன. அந்த நிலையம் உள்ள மீனம்பாக்கத்திலிருந்தே இந்திய வானிலைத் துறை நாள்தோறும் காலை, மாலை இருவேளையும் கருவி கட்டிய பலூனை வானில் அனுப்புகின்றது. உயரே செல்லச் செல்ல வெப்பநிலை குறைகின்றதா, கூடுகின்றதா என்பதை அது அறிவித்துக்கொண்டே செல்லும். அடுக்கு இருக்கின்றதா என்று கேட்கும் கேள்விக்கு அந்தப் பலூனே விடை.

உலக வரலாற்றிலும் இந்த அடுக்கு பலமுறை மனிதரை வருத்தியிருக்கின்றது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரின்மேல் இத்தகைய மூடி ஒன்று அமர்ந்தது. இலட்சக்கணக்கான கணப்புகளின் நிலக்கரிப் புகை அதனடியில் சிக்கியது. ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாக முதலில் கணக்கிட்டார்கள். பின்னாளைய ஆய்வுகள் அந்த எண்ணிக்கை 12,000 வரை இருக்கலாம் என்கின்றன. நம் நாட்டில், 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு போபாலில், பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 40 டன் நச்சு வாயு கசிந்தது. அவ்வாயு காற்றைவிடக் கனமானது. இரவோ குளிர்ந்து அடங்கிய இரவு. மேலே கலந்து பரவாமல், தரையோடு தரையாகப் படர்ந்து, உறங்கிக்கொண்டிருந்த குடியிருப்புகளுக்குள் அது புகுந்தது. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். அதே வாயு ஒரு கோடை நண்பகலில் கசிந்திருந்தாலும் கொடுமைதான். ஆனால் மேலெழும் சுழல்கள் அதைச் சற்றேனும் நீர்க்கச் செய்திருக்கும். தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊரில் வாழும் நாம் இந்தப் பாடத்தை மறக்கலாகாது.

காற்றில் மட்டுந்தான் இந்த அடுக்கு என்று எண்ணிவிடாதீர்கள். நமக்குக் கிழக்கே உள்ள வங்காள விரிகுடாவும் ஒரு பெரிய அடுக்குப் பாத்திரந்தான். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி ஆகிய ஆறுகள் கொண்டு வரும் நன்னீரும் மழைநீரும் உப்புநீரின்மேல் இலேசாகப் படர்கின்றன. காற்று மேல் நீரைக் கலக்கினாலும் அடியிலுள்ள குளிர்ந்த நீர் எளிதில் மேலே வருவதில்லை. ஆகவே மேற்பரப்பின் வெப்பம் அப்படியே தங்குகின்றது. அந்த வெப்பம் புயல்களுக்கு உணவாகின்றது.

ஆனால் அந்த அடுக்கையும் வெல்லும் சுழல்கள் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கைக்குக் கிழக்கே கடலில் ஒரு மாபெரும் சுழல் உருவாகின்றது. அது இடஞ்சுழியாகச் சுற்றி, நடுவிலுள்ள மேல் நீரை விலக்க, அடியிலுள்ள குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் குவிமாடம் போல் மேலெழுகின்றது. வினயச்சந்திரன், யமகதா ஆகிய இரு விஞ்ஞானிகள் 1998-ல் இதை விளக்கி எழுதினார்கள்; ‘இலங்கைக் குவிமாடம்’ என்று அது அழைக்கப்படுகின்றது. அடிநீர் எங்கே மேலே வருகின்றதோ அங்கே கண்ணுக்குத் தெரியாத கடல் தாவரங்கள் செழிக்கின்றன; அவற்றை நம்பியே மீன்கள் வாழ்கின்றன. ஏரி மதகில் நாம் அஞ்சும் அதே சுழல், கடலில் அன்னம் பாலிக்கின்றது.

மீண்டும் எங்கள் தெருவுக்கு வருகிறேன். அடுத்த மார்கழியில், எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசினேன். எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் முதலில் ஒப்பவில்லை.

“போகிக்கு எரிக்காம எப்படிம்மா? பழசெல்லாம் போகணுமில்ல?” என்றார்.

“பழசு போனா சந்தோஷம் பாட்டி. ஆனா விடியக்காலையில எரிச்சா அது எங்கேயும் போறதில்லை. நம்ம தெருவிலேயே படுத்துக்குது” என்றேன்.

அவர் நம்பவில்லை. அவர் வீட்டுத் திண்ணையிலேயே கண்ணாடி டம்ளரை வைத்து உப்புநீரும் நீல மையும் ஊற்றிக் காட்டினேன். ஈர்க்குச்சியை அவரிடமே கொடுத்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “அட, அசைய மாட்டேங்குதே!” என்றார். சிறிது நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நம்ம பேரப்பிள்ளைங்க இந்த நீலத்துக்குள்ளேதான் இருக்குதுங்களா?” என்று கேட்டார். அதன்பின் நான் ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களிடம் பேசியவர் அவர்தான்.

அவ்வாண்டு போகியன்று எங்கள் தெருவில் டயர் எரியவில்லை. பிளாஸ்டிக் பொருள்களை ஊராட்சித் தூய்மைப் பணியாளர்களிடம் ஒப்படைத்தோம். உடுத்தத் தக்க துணிகளைத் துவைத்து, மடித்து, தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தோம். சடங்குக்காக ஒரு பிடி காய்ந்த ஓலையை மட்டும், வெயில் ஏறிய பின்பு, பாட்டியின் கையால் கொளுத்தினோம். பிள்ளைகள் மேளத்தைக் கொட்டித் தீர்த்தார்கள். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். மூன்று வீடுகளில் வழக்கம் போலவே எரித்தார்கள். அடுத்த தெருவின் புகையும் எங்களுக்கு வந்தது. ஆயினும் எதிர்வீட்டு விளக்கு தெரிந்தது. அம்மா அன்று இன்ஹேலரை ஒரே முறைதான் எடுத்துக்கொண்டார்கள்.

சிலர் கேட்கலாம்: ‘அப்படியானால் எல்லாவற்றையும் நண்பகலில் எரித்துவிடலாமே, சுழல் வந்து துடைத்துவிடுமே?’ நல்ல கேள்விதான். சுழல் புகையை அழிப்பதில்லை. பரப்பி நீர்க்கச் செய்கின்றது, அவ்வளவே. ஒரு தெருவின் நஞ்சை அது ஊர் முழுவதற்கும் பங்கிடும். ஓலைப் புகைக்கு அது போதும். டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்து வரும் நஞ்சுக்கு அது மருந்தாகாது. தொண்டு செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக வேண்டுமென்றே குப்பையைக் கொட்டுவது முறையா? ஆகவே அவற்றை எந்நேரமும் எரிக்கலாகாது.

மாணவியரே, இவ்வாண்டுப் பொங்கல் விடுமுறைக்கு வீடு செல்லும்போது ஒரு கண்ணாடி டம்ளர், நான்கு கரண்டி உப்பு, சில சொட்டு மை ஆகியவற்றை நினைவில் கொள்ளுங்கள். உங்கள் தாத்தா பாட்டியிடமும், தெருவில் மேளம் கொட்டும் தம்பிகளிடமும் அந்தச் சோதனையைச் செய்து காட்டுங்கள். விஞ்ஞானத்தைத் தேர்வுத் தாளில் எழுதுவது நன்று. திண்ணையில் வைத்துக் காட்டுவது அதனினும் நன்று. பெற்றோர்களே, போகிக்கு முந்திய மாலையில் உங்கள் தெருவில் இழுப்பு உள்ள முதியவர், கைக்குழந்தை, கருவுற்ற தாய் யார் யார் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். மறுநாள் விடியும் வரை அவர்கள் அனைவரும் அந்தக் காற்றடுக்கினுள்தான் மூச்சு விட வேண்டும்.